பிரம்மாவைச் சிறையில் வைத்த கேள்வி

ஓம் சரவணபவ. வேலும் மயிலும் துணை.

 சஷ்டி விரதம் இருக்கிற எல்லா வீட்டுக்கும் கந்தன் அருள் நிறையட்டும்.

கீழவாஞ்சூரில் இருந்து எழுதுகிறேன். காரைக்கால் எல்லை முடிந்து நாகூர் ஆரம்பிக்கிற இடம். ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் நாகூர் தர்கா மினாரா, எதிரே வங்கக் கடல். வடக்கே காரைக்கால் அம்மையார் ஊர், அதைத் தாண்டிப் போனால் சனீஸ்வரன் வீற்றிருக்கும் திருநள்ளாறு. தெற்கே நாகப்பட்டினம் போய்த் திரும்பினால் நம்ம சிங்காரவேலன் இருக்கிற சிக்கல். இப்படி ஒரு மண்ணில் இருந்துகொண்டு இந்தத் தடவை கொஞ்சம் பெரிய விஷயம் பேசலாம்னு இருக்கேன்.

கல்லூரியில் படிக்கிற ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். "அண்ணா, உயிர் ரசாயனத்துல இருந்து வந்துச்சுன்னு கிளாஸ்ல சொல்றாங்க. வேற கிரகத்துல உயிர் இருக்கான்னு டெலஸ்கோப் வச்சுத் தேடறாங்க. நாளைக்கு அது கிடைச்சிட்டா நம்ம சாமி என்ன ஆவார்? ஹாஸ்டல்ல ஃப்ரெண்ட்ஸ் கேட்டுக் கிண்டல் பண்றாங்க. பதில் சொல்லத் தெரியல. வேல் டாலரைச் சட்டைக்குள்ள தள்ளி விட்டுக்கிறேன்."

கடைசி வரியைப் படிச்சதும் மனசு கனத்துப் போச்சு. எத்தனை பிள்ளைகள் இப்படி டாலரைச் சட்டைக்குள்ள தள்ளிக்கிட்டு இருக்காங்களோ! அறிவியல் பக்கம் போனால் முருகனை விட்டுடணும், முருகன் பக்கம் வந்தால் அறிவியலை மூடி வச்சிடணும் என்று யாரோ இவர்களை நம்ப வைத்திருக்கிறார்கள். இந்தப் பதிவு அவங்களுக்காகத்தான்.

முதலில் கதைக்குப் போவோம்

எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனாலும் இன்னொரு தடவை மெதுவாகக் கேளுங்க.

கயிலாயத்துக்கு ஈசனைப் பார்க்க பிரம்மா வருகிறார். வாசலில் சின்னப் பையனாக நம்ம முருகன். படைக்கிற கடவுளுக்குப் பையனைக் கும்பிடத் தோன்றவில்லை. கண்டும் காணாமல் போகிறார். முருகன் கூப்பிட்டு உட்கார வைக்கிறார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"உயிர்களைப் படைக்கிறேன்."

"எதை வச்சுப் படைக்கறீங்க?"

"வேதத்தை வச்சு."

"சரி, வேதத்தைச் சொல்லுங்க."

பிரம்மா "ஓம்" என்று ஆரம்பிக்கிறார். "நிறுத்துங்க. இப்போ சொன்னீங்களே ஓம், அதுக்கு என்ன அர்த்தம்?"

நான்கு முகம். எட்டுக் கண். ஒரு வாயிலும் பதில் வரவில்லை. தலையில் குட்டி, சிறையில் போட்டார் முருகன். அதோடு நிற்கவில்லை. படைப்புத் தொழிலைத் தானே கையில் எடுத்துக்கொண்டார். காஞ்சிபுரம் குமரகோட்டத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே மூலவர் கையில் ஜபமாலையும் கமண்டலமும் இருக்கும். படைக்கும் கோலத்தில் இருக்கிற முருகன் அவர். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியதும் அந்தக் கோயிலில்தான்.

பிறகு ஈசன் வந்து பிரம்மாவை விடச் சொல்கிறார். "சரி, உனக்கு அர்த்தம் தெரியுமா?" என்று மகனைக் கேட்கிறார். "தெரியும், ஆனா கேக்கற விதமா கேட்டாத்தான் சொல்வேன்" என்கிறான் பிள்ளை. அப்பா வாய் பொத்தி, மாணவனாகக் கீழே உட்கார்ந்து கேட்டார். கும்பகோணம் பக்கத்தில் நம்ம காவிரிக் கரையிலேயே அந்தக் கோயில் இருக்கு. சுவாமிமலை.

இப்போ நான் கேட்கிறேன். பிரம்மா செய்த தப்பு என்ன? அர்த்தம் தெரியாதது தப்பா? ஈசனே கீழே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டாரே! அவருக்குக் கிடைத்தது சிறையா? "தகப்பன் சுவாமி" என்று மகனுக்குப் பெயர் கிடைத்தது, தகப்பனுக்குப் பெருமை கிடைத்தது. ஆகத் தெரியாமல் இருப்பது குற்றமில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி தினமும் சொல்லிக்கொண்டு, அந்தப் பெருமையில் தலைநிமிர்ந்து நடப்பதுதான் குற்றம்.

இன்னொன்றும் கவனிங்க. உயிரைப் படைக்கிறவரைப் பார்த்து "இதோட மூலம் என்ன?" என்று கேட்டது யார்? நம்ம சாமி. உயிர் எங்கே இருந்து வந்தது என்ற கேள்வி முருகனுக்கு எதிரான கேள்வியே இல்லை தம்பி. அது முருகன் கேட்ட கேள்வி.

வேலின் மூன்று குணம்

வேலை ஞானவேல் என்கிறோம். அதன் வடிவத்தைப் பெரியவர்கள் எப்படி விளக்குவார்கள்? அடி ஆழமானது, நடு அகலமானது, நுனி கூர்மையானது. அறிவும் அப்படி இருக்கணும். இந்த மூன்றையும் வைத்தே உயிரைத் தேடும் கதையைப் பார்ப்போம்.

ஆழம்

நாம நிற்கிற பூமிக்கு வயது சுமார் 454 கோடி ஆண்டு. சுமார் 350 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளிலேயே நுண்ணுயிர்களின் தடம் இருக்கிறது. அப்படியென்றால் அதற்கும் முன்னாடியே எங்கோ, எப்படியோ, உயிரில்லாத பொருளில் இருந்து உயிர் துளிர்த்திருக்கிறது.

1953-ல் அமெரிக்காவின் சிகாகோவில் ஸ்டான்லி மில்லர் என்ற மாணவர் ஒரு சோதனையை வெளியிட்டார். கண்ணாடிக் குடுவையில் தண்ணீர், மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன். அதில் மின்னல் மாதிரி மின்பொறி. சில நாளில் தண்ணீர் நிறம் மாறியது. சோதித்துப் பார்த்தால் அமினோ அமிலங்கள்! நம் உடம்பின் புரதத்துக்குச் செங்கல் மாதிரி இருப்பவை அவை. ஆதிகாலக் காற்று அந்தக் குடுவையில் இருந்தது மாதிரியே இருந்ததா என்பதில் இன்று மாற்றுக் கருத்து உண்டு. ஆனால் உயிரின் செங்கல் தானாக உருவாக முடியும் என்ற கதவு அன்று திறந்தது.

இந்தக் கதையில் நம்ம பக்கத்துக் கடலைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார். இலங்கையின் காலி நகரில் 1923-ல் பிறந்த சிரில் பொன்னம்பெரும. இவர் முதலில் படித்தது என்ன தெரியுமா? தத்துவம். அதுவும் நம்ம சென்னைப் பல்கலைக்கழகத்தில். தத்துவம் முடித்துவிட்டு லண்டனில் வேதியியல், பிறகு அமெரிக்காவில் முனைவர் பட்டம், அதன் பிறகு நாசா. "நாம் யார், எங்கிருந்து வந்தோம்" என்று புத்தகத்தில் கேட்டதைச் சோதனைக் குழாயிலும் கேட்டவர். தத்துவமா அறிவியலா, ஒன்றைத் தேர்ந்தெடு என்று யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை பாருங்க.

1969 செப்டம்பர் 28. ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற ஊரில் ஒரு விண்கல் விழுந்தது. அதன் துண்டை நாசாவில் பொன்னம்பெருமவின் குழு ஆராய்ந்தது. உள்ளே அமினோ அமிலங்கள். உடனே ஒரு சந்தேகம் வரணும். யாராவது கையில் எடுத்தபோது வியர்வை ஒட்டியிருக்குமோ?

அதற்கு அவர்கள் பார்த்த வழி அழகானது. அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை நம்ம இரண்டு கை மாதிரி. இடக்கை வடிவம் ஒன்று, வலக்கை வடிவம் ஒன்று. பூமியில் உள்ள உயிர்கள் புரதம் செய்ய இடக்கை வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. மனிதக் கை பட்டிருந்தால் இடக்கை வடிவமே நிறைந்திருக்கும். அந்தக் கல்லிலோ இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தன. பூமியின் உயிர்களில் வழக்கமாக இல்லாத சில அமிலங்களும் இருந்தன. ஆகவே இது மேலே இருந்தே வந்தது என்று 1970-ல் உலகத்துக்குச் சொன்னார்கள்.

அரை நூற்றாண்டு கழித்து இன்னொரு சாட்சி. பென்னு என்ற சிறுகோளுக்கே விண்கலத்தை அனுப்பி, 2023 செப்டம்பரில் சுமார் 121 கிராம் மண்ணைப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். நம்ம வீட்டு விபூதி டப்பாவில் அடங்கிவிடும் அளவு! 2025 ஜனவரியில் வந்த முடிவு: உயிர்கள் பயன்படுத்தும் 20 அமினோ அமிலங்களில் 14 அதில் இருக்கின்றன. மரபணு எழுதப்படும் ஐந்து எழுத்துகளும் இருக்கின்றன. கூடவே உப்பு. உப்புத் தண்ணீர் வற்றிப்போனால் படியுமே, அந்த மாதிரி உப்பு. வேதாரண்யம் உப்பளத்தைப் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். பென்னு உடைந்து வந்த தாய்க் கோளில் என்றோ உப்பு நீர் தேங்கி வற்றியிருக்கிறது.

சரி, செங்கல் கிடைத்தது. வீடு எப்படி எழும்பியது? ரசாயனக் கலவை எந்தக் கணத்தில் "உயிர்" ஆனது? இன்றுவரை யாருக்கும் தெரியாது. நேர்மையான விஞ்ஞானிகள் "தெரியாது" என்றே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு மறுநாள் காலையில் திரும்பவும் லேபுக்குப் போகிறார்கள்.

இங்கே ஒரு ஆசை வரும், எனக்குத் தெரியும். "சரவணப் பொய்கையில ஆறு நெருப்புப் பொறி விழுந்து ஆறு குழந்தை வந்துச்சு. மில்லர் குடுவையில மின்பொறி விழுந்து அமினோ அமிலம் வந்துச்சு. பார்த்தீங்களா, அப்பவே சொல்லிட்டாங்க!" என்று ஒரு போஸ்டர் போட்டால் ஆயிரம் பேர் ஷேர் பண்ணுவாங்க. வேண்டாம். சரவணப் பொய்கைக் கதை வேதியியல் பாடம் சொல்ல வரவில்லை. அருள் எப்படிக் குழந்தையாக இறங்கி வந்தது என்று சொல்ல வந்தது. ஆறு பிள்ளைகளையும் தாய் ஒருசேர அணைத்து ஒருவனாக்கிய அன்பைச் சொல்ல வந்தது. அதை ஒரு குடுவைக்குள் அடைத்தால் கதைக்கும் மரியாதை இல்லை, குடுவைக்கும் மரியாதை இல்லை. நாளைக்கு அறிவியல் தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும். அன்று நம்ம புராணத்தையும் சேர்த்துத் திருத்துவோமா?

அகலம்

இனி வெளியே தேடுவதைப் பார்ப்போம்.

நம்ம டெல்டா வயலில் தண்ணீர் நிற்கும்போது சேற்றில் கால் வைத்தால் குமிழ் குமிழாக வருமே, அதில் மீத்தேன் இருக்கிறது. காற்றே இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை வெளியிடுகின்றன. செவ்வாயில் மீத்தேன் இருந்தால் அங்கேயும் யாராவது மூச்சு விடுகிறார்களோ என்ற கேள்வி வரும். 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்த நம்ம மங்கள்யானிலும் மீத்தேனை மோப்பம் பிடிக்க ஒரு கருவி இருந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன். மீத்தேன் பாறையும் தண்ணீரும் சேர்ந்தும் உருவாகும். அதனால் கண்டுபிடித்தாலும் உடனே "உயிர்" என்று கூவ முடியாது.

அடுத்து சனி. திருநள்ளாறு போய் எள் தீபம் போடுகிறோமே, அந்தச் சனி கிரகத்துக்கு என்செலடஸ் என்று ஒரு குட்டி நிலா. குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடைப்பட்ட தூரம்கூட இல்லை. மேலே முழுக்க ஐஸ். 2005-ல் காசினி விண்கலம் ஒரு காட்சியைக் கண்டது. தென்துருவத்தில் ஐஸ் வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் விண்வெளியில் பீய்ச்சி அடிக்கிறது! உள்ளே ஒரு கடலே இருக்கிறது. அந்தத் தூவானத்துக்குள்ளேயே காசினி பறந்து போனது. உப்பு இருந்தது, கரிமப் பொருட்கள் இருந்தன. ஹைட்ரஜன் இருப்பதாக 2017-ல் சொன்னார்கள். உயிருக்கு வேண்டிய பாஸ்பரஸும் இருப்பதாக 2023-ல் சொன்னார்கள். சமையலுக்கு வேண்டிய சாமான் அத்தனையும் அடுப்படியில் இருக்கிறது. சமைத்தார்களா என்பதுதான் தெரியவில்லை.

இன்னும் தூரமாக, 124 ஒளியாண்டு தள்ளி, கே2-18பி என்று ஒரு கிரகம். அதன் காற்றில் டைமெத்தில் சல்ஃபைடு இருக்கலாம் என்று 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் பணிபுரியும் இந்தியரான நிக்கு மதுசூதன் குழு சொன்னது. அது என்ன பொருள்? நம்ம கடற்கரையில் சாயங்காலம் வீசுகிற கடல் வாசனை இருக்கே, அதில் ஒரு பங்கு அந்தப் பொருள்தான். கடல் மேலே மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளால் வருவது. கீழவாஞ்சூர்க் கரையில் மூக்கில் ஏறும் வாசனையை 124 ஒளியாண்டுக்கு அப்பால் தேடுகிறான் மனிதன். நினைத்தால் சிலிர்க்குது இல்ல?

கூர்மை

இப்போ நுனிக்கு வருவோம். வேலுக்கு நுனி இல்லாவிட்டால் அது வெறும் கம்பு.

கே2-18பி செய்தி வந்த அன்றே "வேற்றுக்கிரகத்தில் உயிர் கண்டுபிடிப்பு" என்று ஃபார்வர்டுகள் பறந்தன. கண்டுபிடித்தவர் என்ன சொன்னார்? எச்சரிக்கையாக இருங்கள், இன்னும் பார்க்கணும் என்றார். அவர்களிடம் இருந்த சான்று "மூன்று சிக்மா" அளவு. கண்டுபிடிப்பு என்று ஏற்க "ஐந்து சிக்மா" வேண்டும். மற்ற குழுக்கள் அதே தரவை எடுத்துப் பார்த்து, அந்த வாசனை இருப்பதாகவே உறுதியாகவில்லை என்று மறுத்தன. இன்னும் வழக்கு முடியவில்லை.

நம்ம நாட்டுக் கதை ஒன்று. 2005 ஏப்ரல் 20. ஹைதராபாத்தில் இருந்து ஒரு ராட்சத பலூன் கிளம்பியது. இஸ்ரோ ஆதரவுடன், வானியலாளர் ஜெயந்த் நார்லிகர் தலைமையில். கிருமி நீக்கிய உலோகக் குழாய்களில் 20 முதல் 41 கிலோமீட்டர் உயரக் காற்றைப் பிடித்து வந்தார்கள். ஆராய்ந்ததில் நுண்ணுயிர்கள் கிடைத்தன. அதில் மூன்று பாக்டீரியாக்கள் அதுவரை உலகம் அறியாத புதிய இனங்கள். ஒன்றுக்கு விண்ணில் இருந்து உயிர் வந்தது என்று வாதாடிய ஃபிரெட் ஹாயில் பெயர், ஒன்றுக்கு இஸ்ரோ பெயர், ஒன்றுக்கு ஆரியபட்டர் பெயர் வைத்தார்கள். 2009-ல் அறிவித்தபோது "இதோ விண்வெளி உயிர்" என்று சொல்லியிருந்தால் உலகமே திரும்பிப் பார்த்திருக்கும். அவர்கள் சொன்னது என்ன? இது விண்ணில் இருந்துதான் வந்தது என்று இந்த ஆய்வு உறுதியாக நிறுவவில்லை, தொடர்ந்து தேட ஊக்கம் தருகிறது, அவ்வளவே.

பெரிய புகழ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் "இவ்வளவுதான் தெரியும்" என்று நிறுத்திக்கொண்டார்கள். சிறைக்குப் போகாமல் இருக்க பிரம்மா கற்றிருக்க வேண்டிய பாடம் இது.

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். "திருநள்ளாறு கோயிலுக்கு மேலே போகும் செயற்கைக்கோள் மூணு செகண்ட் ஸ்தம்பிக்குது, நாசாவே வியந்தது" என்ற மெசேஜ் உங்களுக்கு எத்தனை தடவை வந்திருக்கும்? சாமி பக்தியில் அனுப்புகிறார்கள், புரிகிறது. ஆனால் அது உண்மையில்லை. பூமியை நெருங்கிச் சுற்றும் செயற்கைக்கோள் ஒரு செகண்டுக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நீங்க மூணு எண்ணி முடிக்கும்போது திருநள்ளாற்றுக்கு மேல் இருந்தது நாகப்பட்டினத்தைத் தாண்டியிருக்கும். ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி தெரியும் செயற்கைக்கோள்களோ பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவை. அவை திருநள்ளாற்றுக்கு நேர் மேலே வரவே வராது.

சனீஸ்வரனுக்கு நாசா சர்டிபிகேட் தேவையா, சொல்லுங்க? நளன் கதை நடந்த மண் என்று நம்பி, ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து குளத்தில் முழுகி, கண்ணில் தண்ணீரோடு நிற்கிறாரே ஒரு பெரியவர், அவருடைய பக்திக்கு எந்தச் செயற்கைக்கோளும் நிற்க வேண்டியதில்லை. பொய்யைக் கொண்டு சாமியைத் தாங்கிப் பிடித்தால், அந்தப் பொய் உடையும் நாளில் பிள்ளைகள் சாமியையும் சேர்த்துச் சந்தேகப்படுவாங்க. நம்ம தம்பி டாலரைச் சட்டைக்குள்ள தள்ளினதுக்கு அந்த மாதிரி மெசேஜ்களும் ஒரு காரணம்.

காசினி செய்த தியாகம்

இந்தப் பதிவில் ஒரு விஷயம் மட்டும் மனசில் நிற்கணும் என்றால் இது நிற்கட்டும்.

1997-ல் கிளம்பிய காசினி, 2004-ல் சனியை அடைந்து, 13 ஆண்டு சுற்றியது. எரிபொருள் தீரப் போகிறது. அப்படியே விட்டால் என்றோ ஒருநாள் என்செலடஸ் மேலேயோ டைட்டன் மேலேயோ போய் மோதலாம். மோதினால் பூமியில் இருந்து ஒட்டிக்கொண்டு போன கிருமி அங்கே பரவலாம். அங்கே உயிர் இருந்தால்? இருக்கிறதா என்றே தெரியாத அந்த உயிருக்கு நம்மால் ஒரு கெடுதல் வந்துவிடக் கூடாது என்று, 2017 செப்டம்பர் 15 அன்று காசினியை வேண்டுமென்றே சனியின் காற்று மண்டலத்துக்குள் செலுத்தி எரித்துவிட்டார்கள்.

யாரும் பார்த்திராத உயிர். இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்காக இவ்வளவு கவனம். வாடிய பயிருக்கு வாடிய வள்ளலாரும் இளவயதில் கந்தகோட்டத்து முருகனை உருகிப் பாடியவர்தான். ஜீவகாருண்யம் என்று நாம சொல்வதை ஒரு இயந்திரத்தின் கடைசி நாளில் நான் பார்க்கிறேன்.

இங்கே நம்ம கரையைப் பாருங்க. தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிட இந்தக் கடலோரத்துக்கு வருகின்றன. அவை வருகிற மணலில் கற்பூர கவர், தண்ணீர் பாட்டில், மாலை கட்டிய பிளாஸ்டிக் நார். விரதம் இருந்த கையால் போட்டது. இதுவரை தெரிந்த வரையில் இத்தனை பெரிய வானத்தில் உயிர் இருக்கும் ஒரே இடம் இந்தப் பூமி. அடுத்த வீடு இன்னும் கிடைக்கவில்லை.

கடல் எடுத்ததும் உண்டு

கடல் உயிர் கொடுத்தது என்று சொல்லும்போது இந்தக் கரையில் சிலருக்குக் கசக்கும். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. காரைக்காலிலும் நாகையிலும் அன்று கடல் எடுத்துக்கொண்ட பிள்ளைகளின் படத்துக்கு இன்றும் மாலை போடும் வீடுகள் இருக்கின்றன. கடலடித் தட்டு நகர்ந்தது, அலை வந்தது; எப்படி என்று அறிவியல் சொல்லும். இதே தட்டுகள் நகர்வதால்தான் பூமி நீண்ட காலம் வாழத்தக்கதாக இருக்கிறது என்று பல விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். ஆனால் "ஏன் என் பிள்ளை?" என்று அந்தத் தாய் கேட்டால்?

அங்கே போய் "கர்மா", "சாமி கோபம்" என்று தெரிந்த மாதிரி விளக்கம் சொல்லாதீங்க. அது பிரம்மா சொன்ன "ஓம்" மாதிரி, அர்த்தம் தெரியாமல் சொல்வது. பக்கத்தில் உட்காருங்க. கையைப் பிடிச்சுக்கோங்க. தெரியாத இடத்தில் மௌனமாக உட்காருவதும் முருக வழிபாடுதான். ஈசன் வாய் பொத்தி உட்கார்ந்த மாதிரி.

சாமி என்ன ஆவார்?

இப்போ தம்பியின் கேள்விக்கு வருகிறேன். நாளைக்கே என்செலடஸில் ஒரு நுண்ணுயிர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முருகன் என்ன ஆவார்?

அவருக்கு இன்னொரு பெயர் குகன். உயிரின் இதயக் குகையில் இருப்பவன். உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே அவனுக்கு வீடு. அங்கேயும் உயிர் இருந்தால் குகனுக்கு இன்னொரு குகை, அவ்வளவுதானே? சூரபத்மன் ஆண்டதே ஆயிரத்தெட்டு அண்டம் என்கிறது நம்ம கதை. அவனை வென்றவன் ஒரே ஒரு பூமிக்குள் அடங்குவானா? இதை அறிவியல் சான்றாகச் சொல்லவில்லை. நம்ம சாமியை நாம எவ்வளவு பெரிதாக நினைத்திருந்தோம் என்று ஞாபகப்படுத்துகிறேன்.

உயிர் ரசாயனத்தில் இருந்து எப்படி வந்தது என்று முழுசாகக் கண்டுபிடித்துவிட்டால்? சோறு எப்படி வேகிறது என்று பாடத்தில் படித்த பிறகு அம்மா போடும் சோற்றின் மேல் உங்களுக்கு அன்பு குறைந்ததா? "எப்படி" என்பதற்குப் பதில் கிடைத்தால் "யாருக்கு நன்றி" என்ற கேள்வி அழிந்துவிடாது. ஒருவேளை கிடைக்கவே கிடைக்காமல் போனால்? அப்போதும் கும்பிடுவோம். தெரியாத இடுக்கில் மட்டும் சாமியை வைத்தால், தெரியத் தெரிய அவர் இடம் சுருங்கும். தெரிந்ததிலும் அவர், தெரியாததிலும் அவர் என்று வைத்தால் எந்த டெலஸ்கோப்புக்கும் நாம பயப்பட வேண்டாம்.

நம்பாத நண்பன் கிண்டல் பண்ணினால் கோபப்படாதீங்க. அவனும் கேள்விதான் கேட்கிறான். கேள்வி கேட்டவனை முருகன் சிறையில் போட்டதில்லை.

செய்து பாருங்க

அடுத்த சஷ்டி ஆறு நாளும் ஒரு நாளைக்கு ஒரு கேள்வி நோட்டில் எழுதுங்க. வானம், கடல், உடம்பு, மனசு, எதைப் பற்றியும். பதில் தெரியாவிட்டால் "தெரியாது" என்று பக்கத்தில் எழுதுங்க. ஆறாம் நாள் அந்த நோட்டைப் பூஜையில் வைங்க.

சாமி பெயரில் வரும் எந்த மெசேஜையும் அனுப்பும் முன்னாடி "இது உண்மையா, எனக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு நிமிஷம் நில்லுங்க. அந்த ஒரு நிமிஷம்தான் வேலின் நுனி.

கார்த்திகை மாதம் இரவு தொடங்கும்போது கிழக்கே பாருங்க. கொத்தாகத் தெரியும் கார்த்திகை நட்சத்திரங்கள். முருகனுக்குப் பாலூட்டிய தாய்மார் என்று கும்பிடுகிறோம். வானியல் கணக்கில் அவற்றுக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டுதான், நம்ம பூமியை விட ரொம்ப இளையவை. கும்பிட்டுக்கொண்டே இதையும் தங்கச்சிக்குச் சொல்லிக் கொடுங்க. இரண்டும் ஒரே வானத்தில் இருக்கிறது.

கோயில் போனாலும் கடற்கரை போனாலும் கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டு வாங்க. காசினி ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி, டாலரை வெளியே எடுத்துப் போட்டுக்கிட்டு லேபுக்குப் போ. மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கும்போது மனசுக்குள்ள ஒரு தடவை "சரவணபவ" சொல்லு. பார்த்ததை மட்டும் நோட்டில் எழுது. பார்க்காததை எழுதாதே. அப்படி எழுதுகிற ஒவ்வொரு வரியும் அர்ச்சனை.

எல்லாருக்கும் ஆழ்ந்த, அகன்ற, கூர்மையான அறிவைச் சிங்காரவேலன் அருளட்டும். எல்லா உயிரும் நலமாக இருக்கட்டும், இங்கேயும், எங்கே இருந்தாலும்.

படித்து மனசுக்குப் பட்டதென்றால் உங்க குரூப்பில் பகிருங்க. கேள்வி இருந்தால் தயங்காமல் அனுப்புங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!